களிம்புக்கு அடங்காத அரிப்பு: பிறப்புறுப்பின் வெளிப்பகுதிப் புற்றுநோயைக் கண்டறிந்து சிகிச்சை பெறும் முறை

மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்களில், பிறப்புறுப்பில் காணும் அரிப்பை வேர்வையாலோ சர்க்கரை நோயாலோ வந்ததென்று எண்ணிப் பெண்கள் மாதக்கணக்கில் களிம்பு பூசுவதுண்டு. பெரும்பாலும் அந்த எண்ணம் சரியாகவும் இருக்கும். ஆயினும், களிம்புக்கு அடங்காத அரிப்பு, வெளுத்துத் தடித்த தோல், ஆறாத புண், மரு போன்ற கட்டி, மாதவிடாய் நின்றபின் காணும் இரத்தக்கறை ஆகியவற்றுள் ஒன்று இருந்தாலும் அடுத்த களிம்பை வாங்காமல் அரசாங்கக் கிளினிக்குக்குச் செல்ல வேண்டும்.

அங்கே "வயிற்று வலி" என்று மழுப்பாமல், கீழே புண் இருப்பதாகச் சொல்லி, பெண் மருத்துவர் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். மலாய் பேசத் துணைக்கு மருமகளைவிட மகளையோ அக்காவையோ அழைத்துச் செல்வது நல்லது. மருமகள் முன்னால் வாய் திறக்காத மாமியார்கள் பலர். பேப் ஸ்மியர் கருப்பை வாயைச் சோதிப்பது. அதன் முடிவு நன்றாக வந்ததாலேயே இந்த நோய் இல்லையென்று ஆகிவிடாது.

நோயை உறுதிசெய்வது திசுப் பரிசோதனையே. மரத்துப்போக ஊசி போட்டு, மூன்று நான்கு மில்லிமீட்டர் அகலமுள்ள வட்டக் கத்தியால் புண்ணின் ஓரத்திலிருந்து துளித் தோலை எடுப்பார்கள். இரத்தம் அழுத்திப் பிடித்தாலோ ஒரு தையலிலோ நின்றுவிடும். முடிவு வருமுன் கட்டி முழுவதையும் வெட்டியெடுக்க யாரேனும் முன்வந்தால் தயங்குங்கள். கட்டி இருந்த இடம் தெரியாமற்போனால் நோய் முதலில் பரவக்கூடிய நிணநீர்க் கணுவை (தொடை இடுக்கிலுள்ள சிறு முடிச்சு) பின்னர்த் தேடுவது கடினமாகிவிடும்.

பரிசோதனையில் புற்றுநோய் உறுதியானால், ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனூன் மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனை வழியாக மகளிர் புற்றுநோய் நிபுணரிடம் அனுப்பும்படி கேளுங்கள். கட்டி இரண்டு சென்டிமீட்டருக்குள் அடங்கி, ஒரு மில்லிமீட்டர் ஆழத்திற்குமேல் ஊடுருவாதிருந்தால், சுற்றியுள்ள நல்ல தோலுடன் அதை வெட்டியெடுப்பதே பொதுவாகப் போதும். அதற்கும் ஆழமானால் தொடை இடுக்கிலுள்ள கணுக்களையும் ஆராய வேண்டும்; நான்கு சென்டிமீட்டருக்குட்பட்ட ஒற்றைக் கட்டியாயிருந்து, கணுக்களில் சந்தேகம் இல்லையென்றால், எல்லாவற்றையும் அகற்றாமல் கட்டியிலிருந்து வடியும் நிணநீர் முதலில் சென்றடையும் முதற்கணுவை மட்டும் எடுத்துப் பார்க்கும் முறை உண்டு. இதை மருத்துவரிடம் கேட்கத் தவறாதீர்கள். அறுவைக்கு அடங்காத நோய்க்குக் கதிர்வீச்சுடன் சிஸ்பிளாட்டின் மருந்தும் தருவார்கள்.

கணுக்கள் முழுவதும் அகற்றப்பட்ட கால் பிற்காலத்தில் வீங்கக்கூடும். மீண்டும் செம்பனை வேலைக்குப் போகிறவர் நீண்ட காலுறையும் பூட்ஸும் அணிந்து, மட்டை முள் கீறினால் அன்றே கழுவிக் கட்ட வேண்டும். கால் சிவந்து காய்ச்சல் கண்டால் மறுநாள்வரை காத்திராமல் கிளினிக்குக்குச் செல்ல வேண்டும்.