உங்கள் ஏரியாவுக்கு ஒரு பீட்சாக் கடையைப் பிடிப்பது எப்படி

பெரிய நகரத்தில் நல்ல பீட்சா எங்கே கிடைக்கும் என்று தேடினால் வந்து விழும் பட்டியல்களில் ஊரின் ஒவ்வொரு மூலையிலும் இருக்கும் பெரிய பெயர்கள்தான் இருக்கும். தப்பில்லை, பிறந்தநாள் விசேஷம் என்றால் போய்ச் சாப்பிட்டு வரலாம். ஆனால் வியாழக்கிழமை ராத்திரி சமைக்க உடம்பு வணங்காதபோது, முக்கால் மணி நேரம் பயணம் செய்து வாசலில் வரிசையில் நிற்க யாருக்குத் தெம்பு இருக்கிறது? அதற்கு வேண்டியது நடந்து போய்விடக்கூடிய தூரத்தில் ஒரு கடை. அந்தக் கடையை எப்படிக் கண்டுபிடிப்பது, கண்டுபிடித்த பிறகு எப்படி வைத்துக்கொள்வது என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

தூரத்தைப் பற்றி ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், பீட்சாவுக்கு ஆயுசு ரொம்பக் குறைவு. அட்டைப்பெட்டியை மூடிய நிமிஷத்திலிருந்து ஆவி உள்ளேயே சுற்றி, மொறுமொறுவென்று இருந்த அடிப்பாகம் ஊறிப்போக ஆரம்பித்துவிடும். இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்துப் பாரம்பரிய பீட்சாவுக்கென்று இருக்கும் விதிமுறையே, அடுப்பிலிருந்து எடுத்ததும் அதே கடையில் உட்கார்ந்து சாப்பிடுவதுதான் சரி என்கிறது. ஆக, பத்து நிமிஷ நடையில் இருக்கும் சுமாரான நல்ல கடை, ஊர்க்கோடியில் இருக்கும் பிரமாதமான கடையின் டெலிவரியைப் பெரும்பாலும் ஜெயித்துவிடும்.

முதல் வேலை, மேப்பைத் திறந்து வீட்டைச் சுற்றி கால் மணி நேர நடைக்குள் என்னென்ன கடைகள் என்று பாருங்கள். அப்புறம் அதை மூடிவிட்டு ராத்திரி ஏழரை மணிவாக்கில் நேரிலேயே ஒரு சுற்று போய்வாருங்கள், ஏனென்றால் டெலிவரி ஆப்பில் சேராத சின்னக் கடைகள் தெருவில் நடந்தால்தான் கண்ணில் படும். ஆப்பிலேயே பார்ப்பதானால் முகவரியைக் கவனியுங்கள்: ஒரே முகவரியில் பீட்சா, பர்கர், நூடுல்ஸ், ஐஸ்கிரீம் என்று நாலைந்து பெயர்கள் இருந்தால் அது கடையே இல்லை, ஒரே சமையலறை பல பெயர்களில் வியாபாரம் செய்கிறது. அங்கே நல்ல பீட்சா கிடைக்கவே கிடைக்காது என்று சொல்ல மாட்டேன். ஆனால் நேரில் போய் அடுப்பைப் பார்க்க முடியாத இடம் உங்கள் கடையாக ஆக முடியாது.

விமர்சனங்களில் நட்சத்திர எண்ணிக்கையை விட்டுவிட்டுக் குறைகளை மட்டும் படியுங்கள். லேட்டாக வந்தது, ஆறிப்போய் வந்தது என்பதெல்லாம் டெலிவரிக்காரர் கணக்கு. விளிம்பு கருகியிருக்கிறது என்று நேப்பிள்ஸ் பாணிக் கடைக்கு ஒற்றை நட்சத்திரம் போட்டிருந்தால், அந்தப் பாணியே அப்படி என்பதால், அது ஒருவேளை நல்ல சகுனம்கூட. ஆனால் நடுவில் மாவு வேகவில்லை என்று வெவ்வேறு மாதங்களில் வெவ்வேறு ஆட்கள் எழுதியிருந்தால் அதை நம்பலாம்.

உள்ளே போனதும் மெனுவுக்கு முன்னால் அடுப்பைப் பாருங்கள், அந்தக் கடையிடம் எதை எதிர்பார்க்க வேண்டும் என்று அதுவே சொல்லிவிடும். விறகு எரியும் குவிமாட அடுப்பு என்றால் உள்ளே 430 முதல் 480 டிகிரி செல்சியஸ் வரை சூடு, பீட்சா 60 முதல் 90 நொடிக்குள் வெளியே வந்துவிடும். விளிம்பு உப்பி, கரும்புள்ளிகளோடு இருக்கும், நடுப்பகுதி நெகிழ்வாக, கொஞ்சம் ஈரமாகவே இருக்கும். அதைக் குறை என்று நினைத்துத் திருப்பி அனுப்பாதீர்கள், அந்தப் பாணியே அப்படித்தான். தட்டையான தளம் வைத்த கேஸ் அடுப்பு என்றால் பெரும்பாலும் நியூயார்க் பாணி. சூடு குறைவு, வேகும் நேரம் பல நிமிஷம், ஆனால் துண்டைக் கையில் எடுத்து நீளவாக்கில் மடித்தால் நுனி தொங்காமல் நிற்க வேண்டும். செவ்வகத் தட்டில் கனமாக, ஓரத்துச் சீஸ் கருகி மொறுமொறுப்பாக இருந்தால் டெட்ராய்ட் பாணி. பெரிய தட்டிலிருந்து கத்தரிக்கோலால் வெட்டி எடை போட்டுத் தந்தால் ரோம் பாணி. ஆழமான தட்டில் செய்யும் சிகாகோ பீட்சா வேக அரை மணி நேரத்துக்கு மேல்கூட ஆகும், பசியோடு போகாதீர்கள். இந்த எல்லாப் பாணியையும் ஒரே மெனுவில் போட்டிருக்கும் கடையைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் பயம்தான்.

முதல் தடவை வெறும் சீஸ் பீட்சா, அல்லது மார்கரிட்டா. வேறு எதுவும் வேண்டாம். பெப்பரோனி (காரமான இறைச்சி வில்லைகள்), ஆலிவ், காளான் எல்லாம் போட்டுவிட்டால் மோசமான மாவும் அதற்குள் ஒளிந்துகொள்ளும். வந்தவுடன் ஒரு துண்டைத் தூக்கி அடிப்பாகத்தைப் பாருங்கள் (பக்கத்து மேஜைக்காரர் ஒரு மாதிரி பார்த்தால் பார்த்துவிட்டுப் போகட்டும்). பழுப்புப் புள்ளிகள் பரவலாக இருந்தால் தளம் நல்ல சூட்டில் இருந்திருக்கிறது, வெள்ளை வெளேரென்று இருந்தால் அவசரமாக எடுத்திருக்கிறார்கள். அடுத்து விளிம்பைப் பிய்த்து உள்ளே பாருங்கள். சின்னதும் பெரிதுமாகக் காற்றறைகள் இருந்தால் மாவு நிதானமாகப் புளித்திருக்கிறது. நல்ல கடைகள் பல, பிசைந்த மாவை ஃபிரிட்ஜில் 24 முதல் 72 மணி நேரம் வரை வைத்திருந்துதான் எடுக்கின்றன. வாசனையும் மெல்லிய புளிப்பும் அப்போதுதான் வரும். உள்ளே நெருக்கமாக, கடிக்கக் கடிக்க வாயில் மாவாகவே ஒட்டினால் அன்றைக்கே பிசைந்து அவசரப்பட்டிருக்கிறார்கள் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். சந்தேகமாக இருந்தால் கேட்டுவிடுங்கள், மாவு எப்போ பிசைஞ்சதுங்க என்று. தன் மாவில் அக்கறை உள்ளவர் இந்தக் கேள்விக்கு முகம் மலர்ந்து பத்து நிமிஷம் பேசுவார். மாவு ரெடிமேடாக வருகிறது என்று நேராகச் சொல்பவரையும் நான் மதிப்பேன், கடையை மட்டும் பட்டியலில் கீழே தள்ளிவிடுவேன்.

சாஸில் தக்காளி ருசி முன்னால் வர வேண்டும். சர்க்கரைத் தித்திப்பு முன்னால் வந்தால் எதையோ மறைக்கிறார்கள். சீஸில் கொஞ்சம் எண்ணெய் மினுங்குவது இயல்பு, குளம் கட்டினால்தான் யோசிக்க வேண்டும். சாப்பிட்டு முடித்து ரெண்டு மணி நேரம் தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தால் உப்பு ஜாஸ்தி, அடுத்த தடவை அந்தப் பக்கம் போக வேண்டாம்.

துண்டு துண்டாக விற்கும் கடையில், கண்ணாடிக்குள் அழகாக அடுக்கியிருக்கும் ஒன்பது வகையில் மயங்காதீர்கள். எது சீக்கிரம் தீர்ந்து புதுசாக வருகிறதோ அதை வாங்குங்கள், அனேகமாக அது வெறும் சீஸ்தான். துண்டைத் திரும்ப அடுப்பில் வைத்துச் சூடாக்கித் தருவது குறையே இல்லை, அடிப்பாகம் அதில் இன்னும் மொறுமொறுப்பாகும்.

ஒரு தடவை பிடித்துவிட்டது என்பதற்காக முடிவு செய்துவிடாதீர்கள். கூட்டமில்லாத செவ்வாய்க்கிழமையில் ஒரு தடவை, வெள்ளிக்கிழமை ராத்திரி எட்டரைக்கு ஒரு தடவை போய்ப் பாருங்கள். பீட்சாவை ஒன்றன்பின் ஒன்றாக வைத்துக்கொண்டே இருந்தால் ஒவ்வொன்றும் கல்தளத்தின் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும், கல் மறுபடி சூடேற நேரம் வேண்டும். அதனால் அவசரத்தில் மேலே சீஸ் சரியாக உருகியிருக்கும், அடிப்பாகம் வெளுத்திருக்கும். கூட்ட நேரத்திலும் அடி பழுப்பாக வந்தால் அடுப்பில் நிற்பவர் கைதேர்ந்தவர். அப்படி வராவிட்டாலும் கடையை விட்டுவிட வேண்டியதில்லை, ஆறரைக்கே போய்விடுங்கள்.

அளவு விஷயத்தில் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். 12 அங்குலத்துக்கும் 16 அங்குலத்துக்கும் நாலு அங்குலம்தானே வித்தியாசம் என்று தோன்றும், ஆனால் பரப்பளவில் 113 சதுர அங்குலம் 201 ஆகிறது, கிட்டத்தட்ட 78 சதவீதம் கூடுதல். 12 அங்குலத்தில் ரெண்டு வாங்கினால் 226, 18 அங்குலத்தில் ஒன்றே ஒன்று வாங்கினால் 254. விலைப்பலகையைப் பார்க்கும்போது இதை மனசில் வைத்துக்கொண்டால் போதும். விளிம்புப் பிரியர்கள் மட்டும் ரெண்டு சின்னதையே வாங்கிக்கொள்ளலாம்.

வீட்டுக்கு எடுத்துப் போவதானால் கடைக்கே போன் செய்து சொல்லிவிட்டு நடந்து போங்கள், ஆப்புக்குப் போகும் கமிஷன் கடைக்காரருக்கு மிஞ்சும், அவரும் உங்களை ஞாபகம் வைத்துக்கொள்வார். பெட்டியைப் படுக்கையாகவே பிடித்து, மூடியைக் கொஞ்சம் திறந்து ஆவியை வெளியே விடுங்கள். நடுவில் நிற்கும் மூன்று கால் பிளாஸ்டிக் ஸ்டூல் இருக்கிறதே, மூடி சரிந்து சீஸில் ஒட்டாமல் இருக்கத்தான் அது. கார்மெலா விட்டாலே என்ற அமெரிக்கப் பெண்மணி 1985இல் காப்புரிமை வாங்கிய சமாச்சாரம். மிச்சமானதை மறுநாள் மைக்ரோவேவில் வைக்காதீர்கள், அடி தோலாகிவிடும். கனமான வாணலியில் மிதமான தீயில் மூன்று நாலு நிமிஷம் விட்டு, ஓரத்தில் ரெண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு ஒரு நிமிஷம் மூடிவையுங்கள். மேலே சீஸ் இளகும், அடி மறுபடி மொறுமொறுக்கும்.

கடை பழகிய பிறகு டாப்பிங் பக்கம் போகலாம், ஆனால் ரெண்டுக்கு மேல் வேண்டாம். காளானும் பச்சையாக நறுக்கிப் போடும் தக்காளியும் தண்ணீர் விடும், நாலைந்து சேர்ந்தால் நடுப்பகுதி சொதசொதவென்று ஆகிவிடும். அன்னாசிப்பழம் போடுவதா வேண்டாமா என்ற சண்டைக்கு நான் வரவில்லை. 1962இல் ‘ஹவாயியன் பீட்சா’ என்ற பெயரில் அதை ஆரம்பித்து வைத்தவர் கனடாவில் கடை நடத்திய சாம் பனோபுலோஸ் என்ற கிரேக்கர், அதனால் ஹவாய்க்காரர்களையாவது விட்டுவிடுங்கள். இரும்புத் தளக் கேஸ் அடுப்போ கல்தள அடுப்போ, கடைக்காரரிடம் தயங்காமல் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: இன்னும் ஒரு நிமிஷம் கூட விட்டு எடுங்க. நியூயார்க் பாணிக் கடையில் இந்த ஒரு வரியே சாதாரண பீட்சாவை நல்ல பீட்சாவாக்கிவிடும். விறகு அடுப்பில் மட்டும் கேட்காதீர்கள், அங்கே ஒரு நிமிஷம் என்றால் கரிதான் மிஞ்சும்.

திடீரென்று ஒரு மாசம் ருசி மாறினால் அடுப்பில் நிற்கும் ஆள் மாறிவிட்டாரா என்று பாருங்கள். மாறியிருந்தால் மறுபடி வெறும் சீஸ் பீட்சாவிலிருந்து தொடங்க வேண்டியதுதான். இப்படிப்பட்ட கடைகள் வாரத்தில் ஒரு நாள் லீவு விடுவது சகஜம் என்பதால், பட்டியலில் ரெண்டாவதாக வந்த கடையின் நம்பரையும் போனில் போட்டு வையுங்கள்.