ஆர்குட் காலத்துலேர்ந்து எழுதினதையெல்லாம் எடுத்து வைக்கிறது எப்படி

இது முக்கியமா 2005, 2006 வாக்குல நெட்டுக்கு வந்த ஆளுங்களுக்கு. அப்ப நாம பேசினதெல்லாம் டீக்கடை பெஞ்சுல உக்காந்து பேசின மாதிரிதான், ஆர்குட்ல (ஃபேஸ்புக் இங்க பரவுறதுக்கு முன்னாடி இருந்த கூகுளோட தளம்) ஸ்க்ராப், அதாவது அடுத்தவங்க பக்கத்துல சேதி போட்டா யார் வேணா எட்டிப் பாக்கலாம், பிளாக்ல எழுதினா தமிழ் பிளாக்கையெல்லாம் ஒரே இடத்துல திரட்டிக் காட்டின தமிழ்மணத்துல வந்துடும், முன்னபின்ன தெரியாத ஆளெல்லாம் வந்து "மீ த ஃபர்ஸ்ட்டு"ன்னு ஆரம்பிச்சு ராத்திரி வரைக்கும் கமெண்ட்லயே அரட்டை அடிச்சு கும்மி அடிப்பாங்க. அப்புறம் ஃபேஸ்புக் வந்துச்சு, பேச்சு ஃப்ரெண்ட்ஸ் லிஸ்ட்டுக்குள்ள போச்சு. இப்ப வாட்ஸ்ஆப் குரூப்புக்குள்ள பூந்துடுச்சு, மிச்சம் மீதி 24 மணி நேரத்துல காணாம போற ஸ்டேட்டஸ். ஒவ்வொண்ணுலேர்ந்தும் எடுக்குற வழி வேற, அதனால பழசுலேர்ந்தே வர்றேன்.

ஆர்குட்டை மறந்துடுங்க. 2014 செப்டம்பர் 30ல மூடிட்டாங்க, அதுக்கப்புறம் 2016 செப்டம்பர் வரைக்கும் கூகுள் டேக்அவுட்ல (கூகுள்ல இருக்குற நம்ம சரக்கை மொத்தமா இறக்கிக்குற வசதி) எடுத்துக்கோன்னு விட்டாங்க, அதோட சரி. உங்க ஸ்க்ராப்பையும், ஃப்ரெண்ட்ஸ் உங்களைப் பத்தி எழுதின டெஸ்டிமோனியலையும் மீட்டுத் தர்றோம்னு எவனாவது பாஸ்வேர்ட் கேட்டா குடுத்துடாதீங்க.

பிளாக்தான் (நான் சொல்றது கூகுளோட பிளாகர், அதாவது பிளாக்ஸ்பாட்) பெரிய வேலை, பெரிய லாபமும் அதுலதான். முதல்ல எந்த மெயில் ஐடில ஆரம்பிச்சோம்னு கண்டுபிடிச்சு லாகின் பண்ணுங்க, ஏன்னா 2 வருஷம் தொடாம கிடக்குற அக்கவுண்ட்டை டெலீட் பண்ணலாம்னு கூகுள் ரூல் போட்டு 2023 டிசம்பர்லேர்ந்து அதை அமல்படுத்த ஆரம்பிச்சுட்டாங்க. உள்ள போயிட்டா கூகுள் டேக்அவுட் போங்க, எல்லா டிக்கையும் எடுத்துட்டு பிளாகர் மட்டும் டிக் பண்ணுங்க (இல்லன்னா ஜிமெயில், போட்டோஸ்னு மொத்தத்தையும் மூட்டை கட்டி குடுத்துடும்). மெயில்ல டவுன்லோட் லிங்க் வரும், அது ஒரு வாரம்தான் உசுரோட இருக்கும், அன்னிக்கே இறக்கிடுங்க. பதிவும் பின்னூட்டமும் வந்துடும், படம் வந்திருக்கான்னு மட்டும் தனியா பாத்துக்கோங்க.

லாகின் போயே போச்சுன்னா? பிளாக் இன்னும் ஓப்பன் ஆகுதான்னு பாருங்க. இங்க ஒரு சிக்கல் இருக்கு, 2012ல கூகுள் இந்தியாவுல பாக்குறவங்களையெல்லாம் பிளாக்ஸ்பாட் டாட் காம்லேர்ந்து டாட் இன்னுக்கு திருப்பி விட்டுச்சு, நாமளும் அந்த டாட் இன் லிங்க்கையே காப்பி பண்ணி ஊரெல்லாம் குடுத்தோம், 2020ல பாத்தா அந்த டாட் இன் டொமைனே கூகுள் கையை விட்டு போயிடுச்சு. பழைய லிங்க் செத்துப்போச்சுன்னு நெனச்சுக்கிட்டு இருக்குறவங்க கடைசில இருக்குற டாட் இன்னை டாட் காம்னு மாத்திப் பாருங்க, பல பேருக்கு பிளாக் அப்படியே இருக்கும். அதுவும் இல்லன்னா பழைய வெப் பக்கங்களை காப்பி எடுத்து வைக்கிற வேபேக் மெஷின்ல போட்டு பாருங்க, ஆனா காம், இன் ரெண்டையும் தனித்தனியா தேடணும், ஒண்ணுல இல்லாத பக்கம் இன்னொண்ணுல மாட்டும். ரொம்ப பழைய பக்கம்னா இங்கிலீஷ் எழுத்தும் புள்ளியும் கோடுமா குப்பையா தெரியும், பயப்படாதீங்க, அது யூனிகோடு (இப்ப எல்லாரும் தமிழ் டைப் பண்ற முறை) பரவுறதுக்கு முன்னாடி புழங்கின திஸ்கி மாதிரி பழைய குறியீட்டு முறை, காப்பி பண்ணி கன்வெர்ட்டர்ல போட்டா தமிழ் வந்துடும்.

அடுத்து ஃபேஸ்புக். செட்டிங்ஸ்ல அக்கவுண்ட்ஸ் சென்டர் போய் உங்க தகவலை டவுன்லோட் பண்ற ஆப்ஷனை தேடுங்க, பேரையும் இடத்தையும் அடிக்கடி மாத்துவானுங்க. தேதி கேக்குற இடத்துல ஆல் டைம்னு இருக்கணும், சும்மா ஓகே ஓகேன்னு தட்டிக்கிட்டே போனா பழசு எதுவும் வராது. ஃபார்மேட்ல ஜேசான் வேணாம், எச்டிஎம்எல் எடுங்க, ஏன்னா ஜேசான் ஃபைலை தொறந்தா ஒரு தமிழ் எழுத்து கூட இருக்காது, இங்கிலீஷ் எழுத்தும் நம்பருமா குப்பையா வரிசை கட்டி நிக்கும், அதை சரி பண்ண புரோகிராம் எழுதத் தெரியணும். இன்னொண்ணு, இது எதுலயும் உங்க போஸ்ட்டுக்கு கீழ மத்தவங்க போட்ட கமெண்ட் வராது. என்னைக் கேட்டா போஸ்ட்டை விட அதுதான் சரக்கு, நாலு வரி போஸ்ட்டுக்கு கீழ நூறு கமெண்ட்ல சண்டை நடந்திருக்கும். அந்த மாதிரி முக்கியமான போஸ்ட்டை மட்டும் கம்ப்யூட்டர்ல தொறந்து, எல்லா கமெண்ட்டையும் விரிச்சுட்டு, பிரிண்ட் போட்டு பிடிஎஃப்பா சேவ் பண்ணிக்கோங்க. போர் அடிக்கிற வேலைதான், வேற வழி இல்ல.

வாட்ஸ்ஆப்புக்கு கூகுள் டிரைவ்ல பேக்கப் இருக்கேன்னு நிம்மதியா இருக்காதீங்க, அதை தொறந்து படிக்க முடியாது, திரும்ப வாட்ஸ்ஆப்புக்குள்ள ஏத்தத்தான் ஆகும். குரூப்பை தொறந்து மூணு புள்ளி, மோர், எக்ஸ்போர்ட் சாட். மீடியாவோட கேட்டா கொஞ்சம் மெசேஜ்தான் வரும், மீடியா இல்லாம கேட்டா நிறைய வரும், அப்பவும் ஒரு லிமிட் உண்டு, பெரிய குரூப்பா இருந்தா ஆரம்ப கால பேச்சு வராது. அதனால அப்பப்ப எடுத்து வைங்க. சில குரூப்ல அட்வான்ஸ்டு சாட் பிரைவசி ஆன்ல இருக்கும், அப்ப எக்ஸ்போர்ட்டே ஆகாது, அட்மின்கிட்ட கேட்டுப் பாருங்க. எடுத்த ஃபைல்ல மத்தவங்க நம்பரும் சொந்தக் கதையும் இருக்கும், அதை இன்னொரு குரூப்ல தூக்கிப் போட்டுடாதீங்க சாமி.

இன்ஸ்டா ஸ்டோரிக்கு செட்டிங்ஸ்ல ஆர்கைவ்னு ஒண்ணு இருக்கு, அது ஆன்ல இருக்கான்னு மட்டும் பாத்துக்கோங்க, ஆஃப்ல இருந்தப்ப போட்டது போனது போனதுதான்.