எதிரணி பலமா, பலவீனமா? சிறந்த பிட்சரை எடைபோடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2010இல் அமெரிக்கன் லீக்கின் (அமெரிக்க பேஸ்பாலின் இரு பெரிய லீக்குகளில் ஒன்று) சை யங் விருது, அதாவது ஆண்டின் சிறந்த பிட்சருக்கான (பந்து வீசுபவருக்கான) விருது, யாருக்கு என்று பேஸ்பால் உலகில் பெரிய விவாதமே நடந்தது. பிட்சர் பெயரில் எழுதப்படும் வெற்றி தோல்விக் கணக்கில், நியூயார்க் யாங்கீஸின் சிசி சபாத்தியாவுக்கு 21 வெற்றி, 7 தோல்வி. டாம்பா பே ரேஸின் டேவிட் பிரைஸுக்கு 19 வெற்றி, 6 தோல்வி. சியாட்டில் மரைனர்ஸின் ஃபெலிக்ஸ் ஹெர்னாண்டஸுக்கோ 13 வெற்றி, 12 தோல்விதான். ஆனால் ஈஆர்ஏ, அதாவது 9 இன்னிங்ஸுக்கு ஒரு பிட்சர் தன் பொறுப்பில் விட்டுக்கொடுக்கும் ரன்களின் சராசரி (குறைவாக இருந்தால் நல்லது), வேறு கதை சொன்னது: ஹெர்னாண்டஸ் 2.27, பிரைஸ் 2.72, சபாத்தியா 3.18.

"அவர் வீசுவது லேசான மேற்குப் பிரிவில், மற்ற இருவரும் கடுமையான கிழக்குப் பிரிவில்" என்பது ஹெர்னாண்டஸுக்கு எதிரான வாதம். லீக்கின் அணிகள் பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டு, தன் பிரிவு அணிகளோடுதான் ஒவ்வொன்றும் அடிக்கடி மோதும். கேட்க வேண்டிய கேள்விதான். அதற்கு விடை தேடும் விதத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள்.

வெற்றி தோல்வியை வைத்துப் பிட்சரை அளப்பது பழைய தவறு. அந்த ஆண்டு மரைனர்ஸ் எடுத்தது 513 ரன், யாங்கீஸ் 859. பேட்டிங் கைகொடுக்காத அணியில் எவ்வளவு நன்றாக வீசினாலும் கணக்கில் வெற்றி ஏறாது.

எதிரணியையும் அதே வெற்றிக் கணக்கால் அளப்பது அடுத்த தவறு. பிட்சர் எதிர்கொள்வது பேட்டர்களை மட்டும்தான். அந்த அணியின் பிட்சர்களோடு அவருக்கு வேலையில்லை. 2010இல் டொராண்டோ 85 ஆட்டங்களில் வென்றது, ஓக்லண்ட் 81இல். கிட்டத்தட்ட சமம். ஆனால் டொராண்டோ 755 ரன் எடுத்தது, ஓக்லண்ட் 663தான்.

பலரும் மறந்துவிடும் ஒன்று: பிட்சர் தன் சொந்த அணிக்கு எதிராக வீசுவதில்லை. கிழக்குப் பிரிவின் பயங்கரமான பேட்டிங் வரிசை யாங்கீஸ். சபாத்தியாவுக்கு அவர்களிடம் அடி வாங்கும் வேலையே இல்லை. லீக்கிலேயே பலவீனமான மரைனர்ஸுக்கு எதிராக வீசும் வாய்ப்பு ஹெர்னாண்டஸுக்கும் இல்லை.

சரி, வித்தியாசம் எவ்வளவு? இதைக் கணக்குப் போடாமல் வாதாடுவதுதான் என் பார்வையில் எல்லாவற்றையும் விடப் பெரிய தவறு. சபாத்தியாவின் பிரிவு எதிரணிகள்: பாஸ்டன் 818 ரன், டாம்பா பே 802, டொராண்டோ 755, பால்டிமோர் 613. ஒரு பருவத்தின் 162 ஆட்டங்களுக்கு வகுத்தால், ஆட்டத்துக்குச் சராசரி 4.61. ஹெர்னாண்டஸுக்கு டெக்சஸ் 787, ஏஞ்சல்ஸ் 681, ஓக்லண்ட் 663, சராசரி 4.38. ஆக, இடைவெளி 0.23 ரன். அதுவும் சொந்தப் பிரிவோடு ஆடுவது பருவத்தில் பாதிக்கும் குறைவான ஆட்டங்களே என்பதால், நடைமுறையில் அதன் தாக்கம் இன்னும் சிறியது. இருவரின் ஈஆர்ஏ வித்தியாசமோ 0.91! பிரைஸுக்கு இதே கணக்கைப் போட்டால் அவருடைய எதிரணிகளின் சராசரி 4.70 வருகிறது. ஹெர்னாண்டஸோடு 0.45தான் ஈஆர்ஏ வித்தியாசம் என்பதால் போட்டி நெருங்குகிறது, ஆனாலும் தலைகீழாகிவிடவில்லை.

இது தோராயக் கணக்குத்தான். ஒவ்வொரு பிட்சரும் உண்மையில் எந்தெந்த அணிக்கு எதிராக எத்தனை முறை வீசினார், அன்று எந்த பேட்டர்கள் இறங்கினார்கள் என்று பார்த்தால் இன்னும் துல்லியமாக இருக்கும்.

அப்புறம், மைதானம். சியாட்டில், ஓக்லண்ட் இரண்டுமே அப்போது ரன் எடுப்பது கடினமான மைதானங்கள். ஓக்லண்டின் 663இல் மைதானத்துக்கும் பங்குண்டு. "ஓக்லண்ட் பேட்டிங் பலவீனம்" என்று ஒரு முறையும், "மைதானம் பிட்சருக்குச் சாதகம்" என்று மறுமுறையும் கழித்தால், ஒரே காரணத்துக்காக ஹெர்னாண்டஸுக்கு இரண்டு தண்டனை. எதிரணியின் ரன்களிலிருந்து மைதானத்தின் பங்கை முதலில் பிரித்தெடுக்க வேண்டும்.

கடைசியாக, சில ஆட்டங்களை மட்டும் பொறுக்கியெடுத்துத் தீர்ப்புச் சொல்வது. அந்த ஆண்டு ஹெர்னாண்டஸ் யாங்கீஸுக்கு எதிராக 3 ஆட்டங்களில் 26 இன்னிங்ஸ் வீசி ஒரே ஒரு ரன் கொடுத்தார். அவருடைய ரசிகர்கள் இதைத்தான் முதலில் எடுத்து நீட்டுவார்கள். அபாரமான ஆட்டம், சந்தேகமில்லை. ஆனால் அவர் தொடங்கிய 34 ஆட்டங்களில் அவை மூன்றுதான். அவர் பக்கம் நிற்கும் வலுவான சான்று, பருவம் முழுக்க வீசிய 249 இன்னிங்ஸுக்கு மேலான உழைப்பு. சை யங் விருதுக்கு வாக்களித்த 28 பேரில் 21 பேர் அவருக்கே முதலிடம் கொடுத்தார்கள்.