பர்வதமலை: ஏறுவதற்கு மட்டும் கணக்குப் போடாதீர்கள்

சனிக்கிழமை விடியற்காலையில் வேலூரிலிருந்து போளூர் போகிற பஸ்ஸில் ஏறினால், கணியம்பாடி தாண்டுவதற்குள் முதுகுப்பையோடு நாலைந்து பையன்கள் கண்ணில் படுவார்கள். பர்வதமலைக்குப் போகிறவர்கள். கையில் என்ன வைத்திருக்கிறார்கள் என்று பார்த்தாலே போதும், மத்தியானம் அவர்கள் பாடு என்ன ஆகும் என்று சொல்லிவிடலாம். ஆட்களைக் கூட்டிக்கொண்டு இந்த மலைக்கு வருஷக்கணக்காகப் போய் வருகிறேன். எங்கள் செட்டு ஆரம்பத்தில் செய்த அதே தவறுகளைப் புதிதாக வருகிறவர்களும் ஒன்று விடாமல் செய்கிறார்கள். நல்ல ஷூ போடுங்கள், டார்ச் எடுத்துக்கொள்ளுங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிட்டு, தெரியாமல் செய்கிறவற்றை மட்டும் சொல்கிறேன்.

ஊட்டியோடு ஒப்பிடுவது

"ஊட்டியே ஏழாயிரம் அடி, இது நாலாயிரத்து ஐந்நூறுதானே" என்று கிளம்புகிறவர்கள் நிறைய. பர்வதமலை 4,560 அடி என்று சொல்வது வழக்கம். அது கடல் மட்டத்திலிருந்து சொல்கிற உயரம். ஊட்டியின் ஏழாயிரம் அடியை உங்களுக்காக பஸ் ஏறிவிடுகிறது. நம் பக்கத்து ஏலகிரியும் அப்படித்தான். பொன்னேரியில் தொடங்கி 14 கொண்டை ஊசி வளைவு முடிந்தால், கால் நோகாமல் ஆயிரம் மீட்டருக்கு மேலே போய் இறங்கிவிடலாம். ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூர் வரைக்கும் பஸ் போகிறது.

பர்வதமலையில் அந்த வசதி கிடையாது. போளூருக்கும் செங்கத்துக்கும் இடையில், சமவெளியிலிருந்து திடீரென்று எழுந்து நிற்கிற மலை இது. சுற்றியுள்ள நிலமே கடல் மட்டத்துக்குச் சுமார் 200 மீட்டர் மேலேதான் இருக்கிறது. தென்மாதிமங்கலம் பக்கமாகப் போனாலும் சரி, கடலாடி பக்கமாகப் போனாலும் சரி, ஆயிரம் மீட்டருக்கு மேல் உங்கள் சொந்தக் காலால் ஏற வேண்டும். ஒரு மாடிக்கு மூன்று மீட்டர் என்று வைத்துக்கொண்டால், லிஃப்ட் இல்லாத முந்நூறு மாடிக்கு மேல். ஒரு மலையின் பெயரைக் கேட்டதும் "எவ்வளவு உயரம்" என்று தேடாதீர்கள். "எந்த உயரத்திலிருந்து நடக்க ஆரம்பிக்கிறோம்" என்று கேளுங்கள்.

பௌர்ணமியில் பார்த்த மலையை நம்பிப் புதன்கிழமை போவது

இந்த மலைக்கு ஆட்கள் போவது நேற்று முந்தாநாள் பழக்கம் இல்லை. பத்துப்பாட்டில் ஒன்றான மலைபடுகடாம், செங்கத்து நன்னனைப் பார்க்கப் போகும் கூத்தர்களுக்கு வழி சொல்கிற பாட்டு. அதில் வரும் நவிரமலை இதுதான் என்பார்கள். உச்சியில் மல்லிகார்ஜுனர், பிரமராம்பிகை. அங்கே பக்தர்கள் தாங்களே பூஜை செய்துகொள்ளலாம். அதற்காகவே வருகிறவர்கள் உண்டு. மார்கழி முதல் நாள் மலையைச் சுற்றிக் கிரிவலம் நடக்கும். வடாற்காடு ஒரே மாவட்டமாக இருந்த காலத்திலிருந்தே பௌர்ணமி ராத்திரிகளில் குடும்பம் குடும்பமாக ஏறி, மேலேயே தூங்கி, விடிந்ததும் இறங்குவது இந்தப் பக்கத்து வழக்கம். 1989இல் திருவண்ணாமலை தனி மாவட்டம் ஆன பிறகும் வேலூர், ஆரணி, ஆற்காட்டுக்காரர்களுக்கு இது "நம்ம மலை"தான். டிரெக்கிங் என்று பெயர் சொல்லிக்கொண்டு வருகிற கூட்டம் பிற்பாடு சேர்ந்துகொண்டது.

இந்த வரலாற்றில் ஒரு சிக்கல் இருக்கிறது. பௌர்ணமியன்று போனவன் பார்க்கிற மலை வேறு. வழியெல்லாம் லெமன் சோடா, மோர், வெள்ளரிக்காய். முன்னாலும் பின்னாலும் ஆட்கள், வெயில் கிடையாது. அதைப் பார்த்தவனோ, அதை எடுத்த வீடியோவைப் பார்த்தவனோ ஒரு சாதாரண நாளில் காலை ஒன்பது மணிக்கு வந்து நிற்கிறான். கடை மூடியிருக்கும். சில இடத்தில் நாலு கம்பும் கிழிந்த தார்ப்பாயும்தான் மிச்சம் இருக்கும்.

இறங்குவதற்குத் தண்ணீர் வைக்காதது

இத்தனை வருஷத்துக்குப் பிறகும் எனக்கு ஆத்திரம் வருவது இதற்குத்தான். இதை மட்டும் படித்துவிட்டு மற்றதை விட்டுவிட்டாலும் பரவாயில்லை.

புதிதாக வருகிறவர் மலையை எப்படிக் கணக்குப் போடுகிறார் என்றால், மேலே போய்ச் சேர்ந்தால் வேலை முடிந்தது. இறங்குவது சும்மா வருவது. அதனால் தண்ணீரையும் தெம்பையும் நேரத்தையும் உச்சிக்குள்ளேயே செலவழித்துவிடுகிறார். இந்த மலையின் அமைப்பு அந்தக் கணக்குக்கு நேர் எதிர். கீழ்ப்பகுதியில் மரம் இருக்கிறது, நிழல் இருக்கிறது. மேலே போகப் போக மரம் குறைந்து மொட்டைப் பாறை. உச்சிக்குக் கொஞ்சம் முன்னால்தான் கடப்பாறைப் படி. பாறையில் இரும்புக் கடப்பாறைகளை அடித்து, பிடித்துக்கொள்ளச் சங்கிலி போட்டிருப்பார்கள். முதல் பஸ்ஸில் வந்து, டிபன் சாப்பிட்டு, எட்டரைக்கு நடக்கத் தொடங்கினால் உச்சியில் மணி பன்னிரண்டு. அப்படியானால் மலையிலேயே கடினமான இடத்தை, நிழலே இல்லாத இடத்தை, உச்சி வெயிலில், களைத்த காலோடு, இறங்குமுகமாகக் கடக்கப் போகிறீர்கள். வடாற்காட்டு வெயிலைப் பற்றி நம் ஆட்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. பங்குனி, சித்திரையில் ஒரு மணிக்கு அந்தச் சங்கிலியை வெறுங்கையால் இறுக்கிப் பிடிக்க முடியாது. பாறையில் உட்கார்ந்து இளைப்பாறலாம் என்றால் அதுவும் தோசைக்கல் சூட்டில் இருக்கும்.

போன பங்குனியில் நடந்ததைச் சொல்கிறேன். எங்களுக்கு முன்னால் ஆறு பையன்கள். ஆளுக்கு ஒரு லிட்டர் பாட்டில், அதையும் கையிலேயே பிடித்திருந்தார்கள். பாதி வழியிலேயே பாட்டில் பாதி காலி. கடப்பாறைப் படிக்கு வந்ததும் இரண்டு கையும் வேண்டியிருந்தது. ஒருவன் இடுப்பில் செருகினான், ஒருவன் சட்டைக்குள் போட்டான். ஒரு பாட்டில் நழுவி, பாறையில் மோதி மோதிக் கீழே போனது. மேலே போய்ச் சேர்ந்ததும் இருந்த மிச்சத்தைத் தலையில் ஊற்றிக்கொண்டு போட்டோ எடுத்தார்கள். நான் பக்கத்தில் இருந்தவனைக் கூப்பிட்டு, "தம்பி, இறங்கறதுக்குத் தண்ணி வச்சிருக்கீங்களா?" என்றேன். "இறங்கறதுதானேண்ணா, ஓடியே போயிடுவோம்" என்றான்.

அதே பையனுக்குத்தான் இறங்கும்போது கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது, அதுவும் கடப்பாறை மேல் நின்றுகொண்டிருக்கும்போது. நல்ல கபடி ஆட்டக்காரன், உடம்பில் குறை ஒன்றும் இல்லை. ஒரு காலை மடக்க முடியாமல், சங்கிலியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டான். மேலே இருந்தவர்கள் இறங்க முடியவில்லை, கீழே இருந்தவர்கள் ஏற முடியவில்லை. எங்கள் ஆள் ஒருவர் அவனுக்குக் கீழே போய், அவன் பாதத்தைத் தன் கையால் பிடித்து ஒவ்வொரு கடப்பாறையிலும் வைத்து இறக்கினார். நிழலுக்குக் கொண்டுவந்து உட்கார வைத்து, உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரை மடக்கு மடக்காகக் கொடுத்தோம். அந்தத் தண்ணீர் எங்கள் கூட்டத்தில் இறக்கத்துக்கென்று வைத்திருந்தது. ஆறு பேருக்கும் பகிர்ந்தபின் எங்களில் இரண்டு பேர் வறண்ட தொண்டையோடு அடிவாரம் வந்தார்கள். உங்கள் தண்ணீர் தீர்ந்தால் அது உங்களோடு நிற்பதில்லை. உங்களுக்குக் கொடுக்கிறவரின் தண்ணீரும் சேர்ந்து தீர்கிறது.

தாகம் ஒரு பக்கம் என்றால், தொடை இன்னொரு பக்கம். ஏறும்போது தொடை உடம்பைத் தூக்குகிறது. இறங்கும்போது அதே தொடை ஒவ்வொரு படியிலும் பிரேக் பிடிக்கிறது. தசை நீளும்போதே இழுத்துப் பிடிக்கிற வேலை அது. பழகாத தசை அதில்தான் நடுங்கத் தொடங்கும். வியர்வையில் உப்பும் தண்ணீரும் போய், நடுங்குகிற காலோடு செங்குத்தான பாறையில் நிற்பவருக்குத் தைரியம் சொல்லிப் பிரயோஜனம் இல்லை. நான் பார்த்த விழுதல்கள் பெரும்பாலும் இறக்கத்தில்தான்.

என் குழுவுக்கு நான் வைத்திருக்கிற விதி இது. மாசி முதல் ஆனி வரை ஆளுக்கு நாலு லிட்டர், மற்ற மாதங்களில் மூன்று. உச்சியை விட்டுக் கிளம்பும்போது அதில் பாதி மிச்சம் இருக்க வேண்டும். வாயால் சொன்னால் யாரும் கேட்பதில்லை என்பதால், பாதி பாட்டில்களின் மூடியில் டேப் சுற்றிவிடுகிறேன். டேப் போட்டது இறக்கத்துக்கு. மேலே சாமி கும்பிட்டு முடியும்வரை அதைத் தொடக்கூடாது. நாலு லிட்டர் நாலு கிலோ, கனக்கிறது என்று முனகுவார்கள். முனகட்டும். குடிக்கக் குடிக்கக் குறைகிற கனம் அது. பாட்டில் பைக்குள் இருக்க வேண்டும், கையில் கூடாது.

மருந்துக்கடையில் கிடைக்கும் ஓஆர்எஸ் பாக்கெட் இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டருக்கு என்று போட்டிருந்தால் ஒரு லிட்டரில்தான் கரைக்க வேண்டும். அரை லிட்டரில் முழுப் பாக்கெட்டைக் கொட்டுகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். கூட வருகிறவர் சம்பந்தமில்லாமல் பேசினாலோ, தள்ளாடினாலோ, உடம்பு கொதித்தாலோ உடனே நிழல், ஈரத்துணி, விசிறல், 108. "கொஞ்சம் உட்கார்ந்தா சரியாயிடும்" என்று காத்திருக்காதீர்கள்.

நேரத்தைச் சரி செய்ய ஒரே வழி, முதல் நாள் ராத்திரியே போளூருக்கோ கலசபாக்கத்துக்கோ வந்து தங்கிவிடுவது. அடிவாரத்தில் விடுகிற முதல் நேரத்துக்கு அங்கே நிற்பது. பத்து மணிக்கு மேல் வந்து சேர்ந்தால் அன்றைக்கு ஏறாதீர்கள். அடிவாரத்துப் பச்சையம்மனைக் கும்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போங்கள்.

மழை ஐப்பசியில்தான் வரும் என்று நம்புவது

ஐப்பசி, கார்த்திகை மழை எல்லோருக்கும் தெரியும். நம் பக்கத்தில் ஆடி, ஆவணி, புரட்டாசியிலும் நல்ல மழை உண்டு. பகலெல்லாம் காய்ந்து, மூன்று நாலு மணிக்கு மேல் ஜவ்வாது மலைப் பக்கம் கறுத்து, இடியோடு கொட்டும். மத்தியானம் பளிச்சென்று இருக்கிறதே என்று உச்சியில் படுத்துக்கிடப்பவர்கள் மாட்டுவது இதில்தான். திறந்த பாறையில் இரும்புக் கடப்பாறையும் சங்கிலியும் இருக்கிற இடம் அது. முதல் இடி கேட்டபோது அந்தப் பகுதியில் இருக்கவே கூடாது. மழை விட்ட உடனே ஓடையைக் கடக்கவும் கூடாது. உங்கள் தலைக்கு மேல் விட்டிருக்கும், மலைக்கு மேல் விட்டிருக்காது.

"இன்னும் எவ்ளோ தூரம்ண்ணா?"

இறங்குகிறவர்களிடம் கேட்காதீர்கள். எல்லோரும் "இதோ வந்துடுச்சு" என்றுதான் சொல்வார்கள்.

மேலே குளிராது என்பது

குளிரும். போளூரைவிட ஆறேழு டிகிரி குறைவு, அதோடு காற்று. ராத்திரி தங்க அனுமதி இருக்கிற நாளில் போனால் போர்வை வேண்டும்.

வழி தப்பியபின் நடந்துகொண்டே இருப்பது

கடலாடி வழியில் இது நடக்கும். ஆடு, மாடு போன தடங்கள் பாதை மாதிரியே தெரியும். "கீழே இறங்கினால் எங்கேயாவது ரோடு வராமலா போகும்" என்று புதருக்குள் நுழைகிறவர் இன்னும் ஆழமாகப் போய்ச் சிக்குகிறார். முன்பு சொன்ன மலைபடுகடாமில் இதற்கே வழி சொல்லியிருக்கிறது. மலையில் வாழும் குறவரே திகைக்கிற இடத்தில் வழி தவறினால் மேற்கொண்டு நடக்காதீர்கள், அகலமான பாறையில் எல்லோரும் ஒன்றாகக் கூடி உங்கள் இசைக்கருவிகளை வாசியுங்கள், சத்தம் கேட்டு மலைவாசிகள் உதவிக்கு வருவார்கள் என்கிறது. இன்றைக்கு மீட்புப் பயிற்சியில் சொல்வதும் இதேதான். நில், கூட்டத்தைப் பிரிக்காதே, கண்ணில் படும் இடத்தில் இரு, சத்தம் கொடு. இசைக்கருவிக்குப் பதில் இருபது ரூபாய் விசில் ஒன்று கழுத்தில் தொங்கினால் போதும். கத்திக்கொண்டே இருந்தால் தொண்டை போய்விடும், விசில் ஊதலாம்.

அடிவாரத்தில் தகராறு செய்வது

வனத்துறை ஆட்கள் நேரம் முடிந்தது என்றால் முடிந்ததுதான். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் செத்த பிறகுதான் மலையேற்றத்துக்கென்று மாநிலத்தில் தனி விதிகள் வந்தன. காய்ந்த புல் இருக்கும் மாதங்களில் வழியில் கற்பூரம் கொளுத்தாதீர்கள். சிகரெட் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

குரங்கு

பையைத் திறந்து காட்டாதீர்கள்.

முதல் மலையே பர்வதமலை என்று வருவது

சோளிங்கர் யோக நரசிம்மர் மலைக்கு 1,305 படி. இப்போது ரோப் கார் வந்துவிட்டது, நீங்கள் படியில் போங்கள். ஏறியது எவ்வளவு நேரம் என்று பார்க்க வேண்டாம். இறங்கி வந்து, கீழே நின்று, தொடை நடுங்குகிறதா என்று பாருங்கள். நடுங்கினால் இன்னும் இரண்டு மூன்று வாரம் வேலூர்க் கோட்டைக்குக் கிழக்கே இருக்கிற குன்றுகளில் பழகுங்கள். முதுகில் நாலு லிட்டர் தண்ணீரோடு பழகுங்கள். மறுபடி சோளிங்கர் போய் நடுக்கமில்லாமல் இறங்க முடிந்தால், அப்புறம் போளூர் பஸ் ஏறலாம்.