“ஓலை வீட்டுல ஏது தாயி மாடிப்படி?”

பாம்பன் பக்கம் கடல்பாசி எடுக்கும் பெண்களிடம் எஸ்எஃப்-36 என்ற உடல்நல வினாத்தாளைத் தமிழில் கொண்டுபோனேன். மாடிப்படி ஏறச் சிரமமா என்று கேட்டதும் ஒரு ஆத்தா திருப்பிக் கேட்டதுதான் மேலே இருப்பது. மூலத்தில் கோல்ஃப்கூட வருகிறது.

இப்படி ஒரு வினாத்தாளை நம் மக்களுக்குப் பொருந்தத் தமிழாக்க, முதலில் அதன் உரிமையாளரிடம் அனுமதி வாங்குங்கள். அப்புறம் இருவர் தனித்தனியாக மொழிபெயர்க்கட்டும். இரண்டையும் ஒன்றாக்கி, மூலத்தைப் பார்க்காத ஒருவரிடம் கொடுத்து மறுபடி ஆங்கிலமாக்குங்கள். பொருள் நழுவிய இடம் அப்போது தெரியும்.

அடுத்த வேலைதான் உயிர். பத்துப் பேரை உட்காரவைத்து, ஒவ்வொரு கேள்வியையும் தங்கள் சொல்லில் சொல்லச் சொல்லுங்கள். அவசரமே கூடாது. ‘கடந்த 4 வாரம்’ என்றால் எங்கள் பெண்களுக்குப் பிடிபடவில்லை. ‘போன அமாவாசையிலிருந்து’ என்றதும் பிடிபட்டது. நாள் கணக்கு மாறும் என்பதால் அதைத் துணை விளக்கமாக மட்டும் வைத்தேன்.

பிறகு கணக்கு. இதே வினாத்தாளின் பாரசீக வடிவத்தை டெஹ்ரானில் 15 வயதும் அதற்கு மேலும் உள்ள 4163 பேரிடம் சோதித்து, 2005இல் வெளியிட்டார்கள். கேள்விகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று காட்டும் கிரான்பாக் ஆல்ஃபா 0.70ஐத் தொட வேண்டும். அங்கே வினாத்தாளின் எட்டுப் பிரிவுகளில் ஏழு அதைத் தாண்டின. உற்சாகம் பற்றியது மட்டும் 0.65. மதிப்பெண் கூடினால் உடல்நலம் நன்று என்று பொருள்; எதிர்பார்த்தபடியே முதியவர்களின் மதிப்பெண் இளையவர்களைவிடக் குறைந்திருந்தது. உங்கள் தரவிலும் அப்படி வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் மறுபடி கரைக்குப் போய், கேள்வியைத்தான் திருத்த வேண்டும்.