கனடா போகும் வன்னிச் சனத்துக்கு: மருந்துக்கடையில் காசு எப்படிக் கணக்காகிறது

கிளிநொச்சி ஆஸ்பத்திரியிலோ முல்லைத்தீவு மாஞ்சோலையிலோ மாதாமாதம் கிளினிக் போய், கொப்பியைக் கொடுத்து, வரிசையில் இருந்து, பிறஷருக்கும் சீனிக்கும் குளிசையைக் காசில்லாமல் வாங்கிப் பழகிய சனத்துக்குக் கனடாவில் முதலில் பிடிபடாத விஷயம் இதுதான்: டொக்டரைப் பார்க்கக் காசில்லை, ஆனால் அவர் எழுதித் தருகிற மருந்துக்குக் காசு. ஆஸ்பத்திரியில் கட்டிலில் கிடக்கும்வரை மருந்தும் இலவசம், துண்டு வெட்டி வீட்டுக்கு விட்டதும் அதே மருந்துக்கு நீங்கள்தான் கட்டவேண்டும். மாகாண அரசு தருகிற சுகாதார அட்டை, அதாவது ஹெல்த் காட் இருந்தால் எல்லாம் சரி என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள்.

நான் ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ஒரு மருந்துக்கடையில் பல வருடம் வேலை செய்துவிட்டு இப்போது கிளிநொச்சியில் இருக்கிறேன். விசா வந்த ஆட்கள் வந்து கேட்கிற கேள்விகளுக்குத்தான் இதில் பதில் எழுதுகிறேன். எழுதுவது ஒன்ராறியோவைப் பற்றி, ஏனென்றால் எங்கட ஆட்களில் பெரும்பாலானோர் போய் இறங்குவது அங்கேதான். மற்ற மாகாணங்களில் திட்டங்கள் வேறு. லண்டனில் இருக்கும் சித்தி சொல்வதையும் இதில் கலக்காதீர்கள்: இங்கிலாந்தில் 2024 மே மாதத்திலிருந்து ஒரு மருந்துக்கு 9.90 பவுண் என்று ஒரே கட்டணம், மருந்து மலிவோ விலையோ அதே காசு. கனடாவில் அப்படி ஒரே விலை என்று ஒன்றுமே இல்லை. ஒரே மருந்து, ஒரே டொக்டர், ஒரே நாள், ஆனால் உங்களுக்கு ஒரு விலையும் பக்கத்தில் நிற்பவருக்கு இன்னொரு விலையும் வரும்.

ஏன் அப்படி? பில்லில் இருப்பது மருந்தின் விலை மட்டும் இல்லை. மருந்தின் அடக்கவிலை, அதன்மேல் கடை வைக்கும் லாபம், பிறகு டிஸ்பென்சிங் ஃபீ என்று மருந்தைச் சரிபார்த்து எண்ணித் தருவதற்கான கட்டணம், இந்த மூன்றும் சேர்ந்ததுதான் நீங்கள் பார்க்கும் தொகை. சீனி வருத்தத்துக்கான மெற்போமின் போன்ற பழைய மருந்துகளில் குளிசை ஒன்று சில சதம்தான். ஆனால் அந்தக் கட்டணம் சில கடைகளில் 5 டொலருக்கும் கீழே, சில கடைகளில் 12 டொலருக்கு மேலே. ஒன்ராறியோச் சட்டப்படி ஒவ்வொரு கடையும் தன் வழமையான டிஸ்பென்சிங் ஃபீயை வாடிக்கையாளர் பார்க்கும் இடத்தில் எழுதி ஒட்டியிருக்க வேண்டும். கவுண்டருக்குக் கிட்ட அந்தத் தாளைத் தேடிப் பாருங்கள். அங்கத்தவர்களுக்கு மட்டும் விற்கிற பெரிய கடையான கொஸ்கோவின் பாமசியில் மருந்து வாங்க அங்கத்துவ அட்டை தேவையில்லை, இது கனகாலம் இருந்தவர்களிலேயே பலருக்குத் தெரியாது.

இன்சூரன்ஸ் இல்லாதவர்கள் முதலில் செய்யவேண்டியது, நாள்பட்ட வருத்தத்துக்கான மருந்தை 30 நாளுக்கு அல்லாமல் 90 நாளுக்கு எழுதித் தரும்படி டொக்டரைக் கேட்பது. ஒரு கணக்குக்கு, மூன்று மருந்து எடுக்கிறீர்கள், கடையின் கட்டணம் 12 டொலர் என்று வையுங்கள். மாதாமாதம் வாங்கினால் வருடத்துக்கு அந்தக் கட்டணம் மட்டும் 432 டொலர். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வாங்கினால் 144. குளிசை ஒன்றுகூடக் குறையவில்லை, கட்டுகிற காசு மட்டும் குறைந்தது. டோஸ் இன்னும் நிலையாக வராத புது மருந்துக்கு இதைச் செய்யவேண்டாம், மாற்றவேண்டி வந்தால் மிச்சக் குளிசையைக் கடை திருப்பி எடுக்காது.

கம்பனிப் பெயர் உள்ள மருந்தா, அதே மருந்தை வேறு கம்பனிகள் மலிவாகச் செய்து விற்கிற ஜெனரிக்கா என்பதும் பெரிய வித்தியாசம். எங்களுக்கு இது புதிதில்லை, இலங்கை அரச மருந்துக்கடையான ஒசுசலவில் வாங்கியவர்களுக்குத் தெரியும். கனடாவில் 2018 ஏப்ரலில் வந்த ஒப்பந்தத்துக்குப் பிறகு அதிகம் பாவிக்கப்படும் எழுபதுக்குக் கிட்டிய மருந்துகளின் ஜெனரிக் விலை, கம்பனி மருந்தின் விலையில் 10 அல்லது 18 வீதத்துக்கு இறங்கியது. பிறஷர், கொலஸ்ட்ரோல் மருந்துகள் பல அதற்குள் வரும். ஜெனரிக் என்றால் தரம் குறைந்தது என்று ஊரில் சொல்வதைக் கேட்டு பல மடங்கு காசு கட்டாதீர்கள்.

இன்சூரன்ஸ் உள்ளவர்களுக்குத்தான் உண்மையில் குழப்பம் அதிகம். வேலைத்தலத்து இன்சூரன்ஸ் காட்டைக் கொடுத்தால் எல்லாம் இலவசம் என்று நினைப்பார்கள், பிறகு கவுண்டரில் 14 டொலர் கேட்கும்போது கடைக்காரர் ஏமாற்றுகிறார் என்று கோபப்படுவார்கள். நடப்பது இப்படி: மருந்து 40 டொலர், கடையின் கட்டணம் 12, மொத்தம் 52. உங்கள் திட்டம் 80 வீதம் கட்டுமென்றால் உங்கள் பங்கு 10.40. ஆனால் சில திட்டங்கள் டிஸ்பென்சிங் ஃபீயில் 7 டொலரைத்தான் கணக்கில் எடுக்கும். அப்படியென்றால் 47இல் 80 வீதமாக 37.60ஐ அவர்கள் கட்ட, மிச்சம் 14.40 உங்கள் தலையில். அதே திட்டத்தோடு கட்டணம் குறைந்த கடைக்குப் போனால் இது குறையும். இதைவிட வருடத் தொடக்கத்தில் ஒரு தொகையை நீங்களே கட்டி முடிக்கவேண்டிய திட்டங்கள் உண்டு, வருடத்துக்கு இவ்வளவுதான் தருவோம் என்று எல்லை வைத்தவையும் உண்டு. கணவன், மனைவி இருவருக்கும் வேலையில் இன்சூரன்ஸ் இருந்தால் ஒன்று கட்டாத மிச்சத்தை மற்றதில் போடலாம், இரண்டு காட்டையும் கடையில் கொடுத்துவிடுங்கள்.

பல இடங்களில் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதத்துக்குப் பிறகுதான் இன்சூரன்ஸ் தொடங்கும். அந்த நேரம் தரும் படிவத்தை உடனே நிரப்பிக் கொடுங்கள். காலம் கடந்தால் வருத்த விபரமெல்லாம் கேட்டு மறுக்கவும் இடமுண்டு. ஏஜென்சி மூலம் ஃபக்டரிக்குப் போகிறவர்களுக்குப் பெரும்பாலும் இன்சூரன்ஸ் இருக்காது.

அப்படி இல்லாதவர்களுக்கு அரசாங்கத் திட்டங்கள் இருக்கின்றன, அவை ஆளுக்கு ஆள் வேறு. 24 வயது வரையான பிள்ளைகளுக்கு ஹெல்த் காட் இருந்து தனியார் இன்சூரன்ஸ் இல்லையென்றால் ஓஹிப் பிளஸ் மூலம் பட்டியலில் உள்ள மருந்துகள் இலவசம், விண்ணப்பமே தேவையில்லை. 65 வயதானால் மருந்துத் திட்டம் தானாகவே தொடங்கும்: வருடத்தின் முதல் 100 டொலர் நீங்கள், பிறகு ஒரு மருந்துக்கு 6.11 டொலர் வரை. வருமானம் குறைந்த முதியவர்கள் விண்ணப்பித்தால் அந்த 100 டொலரும் இல்லை, மருந்துக்கு 2 டொலர் வரைதான். வெல்ஃபெயர் எடுப்பவர்களுக்கும் மருந்து உண்டு. நடுவயதில், கையில் இன்சூரன்ஸ் இல்லாமல், விலை கூடிய மருந்து எடுப்பவருக்கு ட்ரில்லியம் திட்டம். குடும்ப வருமானத்தில் ஏறக்குறைய 4 வீதம் வரை நீங்கள் கட்டவேண்டும், அதை வருடத்தில் நாலு தடவையாகப் பிரிப்பார்கள், அதற்கு மேல் போவதைத் திட்டம் பார்க்கும். வருடம் ஓகஸ்ட் 1இல் தொடங்குகிறது. இதற்கு நீங்களாக விண்ணப்பிக்கவேண்டும், யாரும் வீடு தேடி வந்து சொல்லமாட்டார்கள்.

அகதிக் கோரிக்கை வைத்தவர்களுக்கு ஹெல்த் காட் இல்லை, மத்திய அரசின் இடைக்காலச் சுகாதாரத் திட்டம்தான். அதில் முன்பு மருந்துக்கு ஒன்றும் கட்டத் தேவையில்லை. 2026 மே 1 முதல் ஒவ்வொரு மருந்துக்கும் 4 டொலர் கட்டவேண்டும். எல்லாக் கடையும் அந்தத் திட்டத்தை ஏற்பதில்லை, உள்ளே போனதும் அதைக் கேளுங்கள்.

பிள்ளைகளோடு நீண்டகாலம் வந்து தங்கப் பெற்றோருக்குக் கொடுக்கிற சுப்பர் விசாவில் போகும் அம்மா அப்பாமாரைப் பற்றித்தான் எனக்குக் கூடின கவலை. அந்த விசாவுக்கு ஒரு இலட்சம் டொலர் மருத்துவ இன்சூரன்ஸ் எடுக்கச் சொல்வார்கள், பிள்ளைகளும் எடுத்துவிடுவார்கள். அது திடீர் வருத்தத்துக்கு. தினமும் போடும் பிறஷர் குளிசைக்கு அது பெரும்பாலும் காசு தராது. அதனால் ஊரிலிருந்தே மருந்து கொண்டுபோக வேண்டும். கனடா விடுவது ஒரு சிகிச்சைக் காலத்துக்கான மருந்து அல்லது 90 நாளுக்கான மருந்து, இரண்டில் எது குறைவோ அது. ஆஸ்பத்திரியில் சின்னக் கடதாசிப் பையில் கையால் எழுதித் தருகிற குளிசையை அப்படியே கொண்டுபோகாதீர்கள், என்ன மருந்து என்று அங்கே யாருக்கும் விளங்காது. பெயர் அச்சிட்ட அட்டையோடு வெளி பாமசியில் வாங்குங்கள், கிளினிக் டொக்டரிடம் மருந்தின் ஜெனரிக் பெயரும் மில்லிகிராமும் ஆங்கிலத்தில் எழுதிய கடிதம் ஒன்று கேளுங்கள். கிளினிக் கொப்பியையும் கைப்பையில் வையுங்கள். சில பெயர்கள் அங்கே வேறு: பரசிட்டமோல் அசிட்டமினோபன், கிளிபென்கிளமைட் கிளைபியூரைட்.

கவுண்டரில் விலை கேட்க வெட்கப்படுவது எங்கட சனத்தின் பழக்கம். பில்லைப் பார்த்துவிட்டுப் பேசாமல் திரும்பிப் போய், ஒன்றுவிட்ட ஒருநாள் போட்டுச் சமாளித்து, கடைசியில் அவசர வார்டில் கிடந்த ஐயாமாரை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அப்படிச் செய்யவேண்டாம். டொக்டர் எழுதித் தந்த மருந்துத் துண்டைக் கொடுக்கும்போதே “நிரப்புவதற்கு முதல் விலை சொல்லுங்கோ” என்று கேளுங்கள், அது உங்கள் உரிமை. கூடவென்றால் இதே வேலையைச் செய்யும் மலிவான மருந்து இருக்கிறதா என்று கேளுங்கள், மருந்தாளரே டொக்டருக்கு எடுத்துப் பேசி மாற்றித் தருவார். துண்டை வேறு கடைக்கு மாற்றவும் முடியும், புதுக்கடைக்காரரே பழைய கடையோடு பேசி எடுப்பார். ஸ்காபரோவில் தமிழ் கதைக்கிற மருந்தாளர்களுக்குக் குறைவில்லை.

ரசீதுகளை எறியாமல் வையுங்கள். உங்கள் கையால் கட்டிய மருந்துக்காசு வருமானத்தில் 3 வீதத்தைத் தாண்டினால், வரி நிரப்பும்போது மருத்துவச் செலவாகக் காட்டலாம். கடையில் கேட்டால் வருடத்துக்கான மொத்தக் கணக்கை ஒரே தாளில் அடித்துத் தருவார்கள்.