வெல்டிங் இணைப்பில் எஞ்சு தகைவை அளக்க: துளையிடும் முறை

வெல்டிங் உலோகம் ஆறிச் சுருங்கப் பார்க்கும். சுற்றியுள்ள குளிர்ந்த தகடு விடாது. அதனால் வெல்டு நெடுக இழுவிசை தங்கிவிடும். கொஞ்சம் தள்ளிப் போனால் அதைச் சமன்செய்யும் அமுக்கவிசை இருக்கும். வெளிச்சுமை இல்லாமலே இப்படி உள்ளே தங்குவதுதான் எஞ்சு தகைவு. சிறு துளை போட்டு அங்கே விடுபடும் திரிபை (உலோகம் நுண்ணளவில் நீள்வதை அல்லது சுருங்குவதை) அளப்பதே ஏ.எஸ்.டி.எம். ஈ 837 என்ற சோதனைத் தரநிலை சொல்லும் முறை.

இடம்

மூன்று கேஜ் (திரிபை அளக்கும் உணரி) கொண்ட ரொசெட் என்ற ஒட்டுத் தகடு தேவை; அதன் மையத்தில்தான் துளை. பரவலாகக் கிடைப்பது கேஜ் வட்டம் 5.13 மி.மீ. உள்ளது; அதற்கு 2 மி.மீ. துளை. தகடு 6 மி.மீ.க்கு மேல் தடிமன் இருந்தால் கணக்கு எளிது. ரொசெட்டின் மையம் தகட்டின் விளிம்பிலிருந்து குறைந்தது 8 மி.மீ. தள்ளியிருக்கட்டும். வெல்டு ஓரத்தை நெருங்கி அளக்க, மூன்று கேஜும் ஒரே பக்கம் இருக்கும் பி வகையை வாங்கவும். முதல் கேஜை வெல்டுக்கு இணையாக வைத்தால் பிறகு குழப்பம் வராது.

பரப்பு

பெரும்பாலான அளவீடுகள் கெட்டுப்போவது இங்கேதான். கிரைண்டர் வைக்கவே கூடாது. அது மேற்பரப்பில் தன் பங்குக்குப் புதுத் தகைவை ஏற்றிவிடும், கடைசியில் அதைத்தான் அளப்பீர்கள். எண்ணெய் நீக்கி, 320 எண் சிலிக்கான் கார்பைடு தாளால் கையால் லேசாகத் தேய்த்து, துடைத்து, சயனோஅக்ரிலேட் பசையால் ஒட்டி ஒரு நிமிடம் கட்டைவிரலால் அழுத்தவும். மூன்று கம்பி இணைப்பு கொடுங்கள்; நீண்ட கம்பியின் வெப்பநிலை மாற்றத்தை அது பெரிதும் சரிக்கட்டும்.

துளை

நுண்ணோக்கியால் துரப்பணத்தை ரொசெட் மையத்துக்கு நேராக்கவும், விலகல் 0.02 மி.மீ.க்குள். காற்று டர்பைன், கார்பைடு கட்டர் நல்லது. சாதாரண டிரில் பிட் சுவரை நசுக்கித் தகைவு சேர்க்கும். ஒட்டுப் படலத்தைக் கடந்து கட்டர் உலோகத்தைத் தொடும் கணமே ஆழத்தின் பூஜ்யம். கட்டருக்கும் தகட்டுக்கும் இடையே மின்தொடர்பு வைத்துக் கண்டுபிடியுங்கள், கண்மதிப்பு போதாது. அந்த நிலையில் மூன்று கேஜையும் பூஜ்யமாக்கவும்.

பிறகு 0.1 மி.மீ. வீதம் 10 படிகள். தகைவு ஆழத்தோடு மாறும் என்று தோன்றினால் 0.05 மி.மீ. வீதம் 20 படிகள். ஒவ்வொரு படியிலும் கட்டரை நிறுத்தி, சூடு தணிந்து எண் நிலைத்தபின் குறிக்கவும். துருவேறா எஃகில் கட்டர் சீக்கிரம் மழுங்கும். துளைக்கு ஒன்று புதிதாகப் போடுங்கள்.

முடிந்ததும் துளை விட்டத்தை இரு செங்குத்துத் திசைகளில் அளக்கவும். விடுபடும் திரிபு ஏறக்குறைய விட்டத்தின் வர்க்கத்தைப் பின்பற்றும்: 2 மி.மீ.யில் 0.1 மி.மீ. தப்பினால் தகைவில் சுமார் 10 சதவீதம் தப்பும்.

எண்ணைப் படிப்பது

குறி தலைகீழ்: எதிர்மறைத் திரிபு இழுவிசையைக் காட்டும். திரிபிலிருந்து தகைவைக் கணக்கிட, எஃகுக்கு யங் குணகம் (விறைப்பின் அளவு) சுமார் 200 கிகாபாஸ்கல், பாய்சான் விகிதம் (நீளும்போது குறுக்கே சுருங்கும் விகிதம்) 0.3 போதும்.

விடை ஈல்டு வலிமையில் (உலோகம் நிரந்தரமாக உருமாறத் தொடங்கும் தகைவில்) 80 சதவீதத்தைத் தாண்டினால் அப்படியே எழுதாதீர்கள். துளையோரத்தில் உலோகம் நிரந்தரமாக உருமாறிவிடுவதால் எண் உண்மையைவிடப் பெரிதாக வரும். வெல்டு நெடுகிலும் இது சகஜம். ஈல்டு 250 மெகாபாஸ்கல் எஃகில் 290 என்று வந்தால், "ஈல்டுக்கு நெருங்கிய இழுவிசை" என்று குறிப்பதே நேர்மை.

எண்மீது சந்தேகமா? அதே எஃகின் தகைவு நீக்கிய துண்டில் ஒரு துளை போட்டுப் பாருங்கள். அங்கே பூஜ்யத்துக்கு அருகில் வரவில்லையென்றால் கோளாறு துரப்பணத்திலோ ஒட்டிலோதான்.